தலைமையாசிரியை பலகையில் எழுதிய மதிப்பெண்

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர்: தலைமையாசிரியை, நான். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற ஒன்றே இல்லாத காலத்தில் வேலைக்கு வந்தவர். நான் அதை எழுதித் தேறி வந்தவன்.

பணியில் இருப்பவர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவரைவிட நான்தான் அதிகம் குதித்தேன். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவருக்கு இனி என்ன தகுதி பார்க்கிறார்கள்? ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தேன். அதற்குள் அவர் வழிகாட்டிப் புத்தகமே வாங்கிவிட்டார்.

"நீங்க கத்துங்க சார். பரீட்சைக்குத் தேதி போட்டுட்டாங்க, நான் படிக்கோணுமுங்க."

நாமக்கல்லில் போய் எழுதினார். நான்கு மதிப்பெண்ணில் கோட்டை விட்டார். அதிலும் கொடுமை, அவரைக் கவிழ்த்தது குழந்தை உளவியல் பகுதி. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொரு பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்கிற மனுஷிக்குக் குழந்தை மனசு தெரியவில்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிவு வந்த மறுநாள் அவர் விடுப்பு எடுப்பார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் ஒரு வாரம் தலைகாட்டியிருக்க மாட்டேன். அவரோ வழக்கமான நேரத்துக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். அன்று ஐந்தாம் வகுப்புக்குத் தேர்வுத்தாள் கொடுக்கும் நாள். தாள்களை மேசைமேல் வைத்தார். சாக்பீஸை எடுத்துப் பலகையில் தன் மதிப்பெண்ணை எழுதினார். பக்கத்திலேயே 'தேர்ச்சி இல்லை' என்றும் எழுதினார்.

"இது என்ர மார்க்கு, சாமிகளா. இன்னும் ரெண்டொரு தடவைக்குள்ள பாஸாகலீன்னா டீச்சருக்கு வேலை போயிரும். சரி, இப்ப உங்க தாளைத் தாரேன், வாங்க."

வாசலில் நின்ற நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாடி, இப்படியும் ஒரு நெஞ்சு உண்டா! சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வீடு சொல்லிவிடும் பிள்ளைகள் அவர்கள். அது அவருக்கும் தெரியும்.

தாள் கொடுக்கும் நாளென்றால் வயிற்றுவலி என்று மட்டம் போடுகிற சிறுமி ஒருத்தி. எப்படியோ அன்று வந்திருந்தாள். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"எதுலீங்க டீச்சர் போச்சு?"

"கொழந்தைங்க மனசைப் பத்தின பாடம், சாமி."

"அதுக்கு எங்களைக் கேட்டிருக்கலாமில்லீங்க?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தச் சிறுமி வழிகாட்டியைப் பிடித்துக்கொள்வாள். 'அறிதிறன் வளர்ச்சி' போன்ற சொற்களில் தட்டுத் தடுமாறி ஒவ்வொரு கேள்வியாக வாசிப்பாள். அவர் பதில் சொல்வார். பின்பக்கம் விடையைப் பார்த்துவிட்டு, "தப்புங்க டீச்சர்!" என்று பிள்ளைகள் குதூகலமாகக் கூவுவார்கள். "ஆமா, தப்புத்தான்" என்று நோட்டில் குறித்துக்கொள்வார். ஒரு நாள்கூட அவர் முகம் சுருங்கி நான் பார்க்கவில்லை. சங்கத்தில் கத்திய வாயோடு இதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கே வெட்கமாக இருந்தது. பிரமிப்பாகவும் இருந்தது.

இரண்டாம் முறை தேறிவிட்டார். அந்த மதிப்பெண்ணையும் பலகையில் எழுதினார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் சத்துணவு சமைக்கும் அக்கா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். கூச்சல் அடங்கியதும் அந்தச் சிறுமி என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க எவ்வளவுங்க சார்?"

ஊருக்கெல்லாம் நான் முதல் தடவையிலேயே தேறியவன். அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட. தலைமையாசிரியை ஒன்றும் அறியாமல் சிரித்தபடி சாக்பீஸை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனேன். அவருடைய மதிப்பெண்ணுக்குக் கீழே மூன்று எண்களை எழுதினேன். முதல் இரண்டுக்கும் பக்கத்தில் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதினேன்.