நாகம்மாள் குடியிருந்த பதினோரு வீடுகள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் யாரும் வீட்டை விற்றுப் பார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருத்துறைப்பூண்டியில் என்னைப் போன்ற வீட்டு புரோக்கர்களுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும். தொண்ணூற்றைந்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வீடு கட்டியவர்களைவிடப் பூட்டியவர்கள்தான் அதிகம். பையன் சிங்கப்பூர், பெண் கனடா, மருமகன் மஸ்கட். பெற்றவர்கள் இருக்கும்வரை விளக்கு எரியும். அவர்களும் போன பிறகு ஒரு நாள் எனக்கு போன் வரும். “கலந்தர் பாய், நல்ல பார்ட்டியா பாத்து முடிச்சு விடுங்க” என்பார்கள்.

பூட்டிக் கிடந்த வீடு சுலபத்தில் விலை போகாது. குடியில்லாத வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும் என்று சும்மாவா சொன்னார்கள்? கதவைத் திறந்ததும் வவ்வால் நாற்றம் அடிக்கும். கொல்லையில் புற்று கட்டியிருக்கும். வாங்க வந்த அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துவிட்டால் அன்றோடு வியாபாரம் முடிந்தது. சுண்ணாம்பு அடித்துப் பார்த்தேன், ஊதுவத்தி ஏற்றிப் பார்த்தேன். வீட்டை விற்க வேண்டுமென்றால் முதலில் அதில் ஆள் குடியிருக்க வேண்டும் என்ற புத்தி பிறகுதான் வந்தது. அப்படி எனக்குக் கிடைத்த ஆள்தான் நாகம்மாள்.

நாகம்மாளும் அவள் புருஷன் வேம்புவும் நடவு, அறுப்பு என்று வயலை நம்பியவர்கள். வயலோரத்தில் அவர்களுக்கு ஒரு குடிசை இருந்தது. நிலத்துக்காரர் வயலை இறால் பண்ணைக்கு விற்றபோது குடிசையும் சேர்ந்து போயிற்று. அந்தக் கிரயத்தை முடித்துக் கொடுத்ததும் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம். அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இரண்டு பேரும் சட்டி பானையோடு என் கடை வாசலில் வந்து நின்றார்கள். அன்று என் கையில் பூட்டிய வீடு ஒன்று இருந்தது. ஒரு மாதம் இருந்து சுத்தமாக வைத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்தேன். பதினெட்டே நாளில் அந்த வீடு விற்றுப்போயிற்று.

அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. விடிந்ததும் எல்லா ஜன்னலையும் திறப்பாள். தேங்கிக் கிடந்த கிணற்றை இறைத்துக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற விடுவாள். வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். பார்ட்டி வருகிற நேரம் பார்த்து வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளிப்பாள். கொடியில் ஈரப் புடவை ஒன்று காயும். வேம்பு கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பான். எல்லா வீட்டுக்கும் அவளை நான் அனுப்பிவிடவில்லை. அவளை அனுப்ப முடியாத தெருக்கள் இருந்தன, காரணம் உங்களுக்கே தெரியும். எங்கள் ஆட்கள் வீடு, கிறிஸ்தவர்கள் வீடு என்று ஏழு வருஷத்தில் பத்து வீடுகள்.

வீட்டை அவள் எவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டாளோ அவ்வளவு சீக்கிரம் அதைவிட்டுப் போக வேண்டியிருந்தது. அவள் ஊன்றிய முருங்கைப் போத்து ஒன்றுகூட அவளுக்குக் காய்த்ததில்லை. “கொஞ்சம் அழுக்காத்தான் வச்சுக்கயேன் நாகம்மா, இன்னும் ரெண்டு மாசம் சேத்து இருக்கலாம்ல?” என்று ஒரு தடவை கிண்டல் பண்ணினேன். “அது எப்படிங்க பாய், கை சும்மா இருக்குமா?” என்றாள். அவள் புத்தி அவ்வளவுதான். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

பதினோராவது, கனடாவில் இருந்த ஜோசப்ராஜின் வீடு. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஆற்றில் தண்ணீர் வராமல் வயலெல்லாம் வெடித்துக் கிடந்த சமயம். வேம்புவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனை அந்த வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு நாகம்மாள் நேராக என் கடைக்கு வந்தாள்.

“டாக்டரு வீட்டுக்குன்னு சொன்னாங்க. எந்த வீட்டுக்குன்னு நான் கேக்கலைங்க பாய்” என்றாள். “அவருக்கு ஒரே பயந்தான். வெளியில செத்தா பொணத்த உள்ள எடுக்க மாட்டாங்க, தெருவுலயே போட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயப்படுறாரு. ஒரு கூரைக்குக் கீழ போயிடணும்னு சொல்றாரு. இந்த வீடு விக்கிறதுக்குள்ள அவரு மூச்சு நின்னுட்டா போதும்.”

புருஷன் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று பெண்டாட்டியே சொல்லிக் கேட்டது எனக்கு அன்றுதான். “பாத்துக்கலாம், நீ தைரியமா போ” என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவர் போன் பண்ணினார். லீவில் வந்திருப்பதாகவும், வியாழக்கிழமை காலையில் தன் அம்மாவோடு வந்து வீட்டைப் பார்ப்பதாகவும் சொன்னார். அந்த அம்மாவுக்கு நாள், நட்சத்திரம் எல்லாம் பார்க்க வேண்டுமாம். ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அடைப்பு என்று அந்த அறையையே மாதக்கணக்கில் பூட்டி வைக்கிற ஜனங்கள் அவர்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற ஆளை அந்த அம்மாள் பார்த்துவிட்டால், இந்த வீடு மட்டுமல்ல, நான் காட்டுகிற எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்க மாட்டாள்.

புதன்கிழமை போய் நாகம்மாளிடம் சொன்னேன். “நாளைக்குக் காலையில ஒரு ரெண்டு மணி நேரம். அவங்க பாத்துட்டுப் போனதும் திரும்பக் கொண்டாந்து படுக்க வச்சுடலாம்.” அவள் வேம்புவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. ஏழு வருஷத்தில் அவள் எனக்கு எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. “பத்திரமா பாத்துக்குவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

காலையில் ஒரு லோடு ஆட்டோவில் பாயை விரித்து வேம்புவை ஏற்றினோம். எங்கே போக வேண்டும் என்று டிரைவர் கேட்டார். என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நான்கு அறை, நானும் என் மனைவியும் மட்டும். எங்களுக்கு அடைப்பு கிடைப்பு என்று எதுவும் கிடையாது. அங்கே கொண்டுபோகத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. அங்கே செத்துவிட்டால் என்ன பண்ணுவது என்றும் தோன்றியது. முள்ளியாற்றங்கரையில் ஒரு பூவரச மரம் இருக்கிறது, அந்த நிழலில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நாகம்மாள் அன்று செய்த வேலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேம்பு கிடந்த அறையைக் கழுவித் துடைத்து, சாம்பிராணி போட்டு, ஜன்னலில் புதுத் திரை கட்டியிருந்தாள். மருந்து வாசனை எங்கேயும் இல்லை. மஸ்கட்காரர் குடும்பத்தோடு வந்தபோது வீடு முழுக்கத் தாளித்த மணம். அவருடைய அம்மா கூடத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார். “நல்லா வாழ்ந்த வீடா தெரியுது” என்றார். நாகம்மாள் சிரித்தபடி எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்போது லோடு ஆட்டோ டிரைவர் வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் இருங்கள் என்று கையால் ஜாடை காட்டினேன். திரும்பிப் பார்த்தால் நாகம்மாளும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள்.

“பெரியம்மா, இன்னுங் கொஞ்சம் சீனி போடவாங்க?” என்றாள்.

அவர்கள் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போக இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை வேம்பு தெருமுனையில் வண்டியிலேயே கிடந்தான். கார் போனதும், “வியாபாரம் கெட்டாக் கெட்டுப் போவட்டும், உள்ள கொண்டாந்து கெடத்துவோம்” என்றேன். அந்த வீரம் எனக்கு அப்போதுதான் வந்தது.

“வேண்டாங்க பாய்” என்றாள். முதல்முறையாக. “வெளியில போனவர உள்ள எடுக்கக் கூடாது. வாங்கினவங்க நல்லா இருக்கணும்.” வண்டியில் ஏறி அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே தெருவோடு தெருவாகச் சுடுகாட்டுக்குப் போனோம். அழுதது நான்தான்.

பத்திரம் பதிந்த அன்று சாவியைக் கொடுக்க அவள் கடைக்கு வந்தாள். மஸ்கட்காரரும் இருந்தார். யாரோ தெருவில் சொல்லி அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவள் எதிரிலேயே என்னைக் கேட்டார்.

“ஏங்க பாய், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் அடுத்த வாரம் வந்திருப்பேனே. எனக்கு லீவு ஒரு மாசத்துக்கு மேல இருந்திச்சே.”

எப்போது வர முடியும் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. வருகிறேன் என்றார், சரி என்றேன். ஏழு வருஷமாக, வருகிற பார்ட்டியை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நாகம்மாள் சாவியை அவர் கையில் கொடுத்தாள். “கொல்லைக் கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், தூக்கித் தெறங்க” என்று அவரிடம் சொன்னாள். என் பக்கம் அவள் பார்க்கவில்லை. அவள் படி இறங்கும்போது, மேஜையில் இருந்த வேறொரு வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இதில் இருந்துகொள், விற்கிறவரைக்கும் என்றில்லை, வெகுநாள் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏதேதோ சொன்னேன்.

“இனிமே எனக்கு எதுக்குங்க பாய் வீடு?” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. காபி வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்து போனாள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன்.