மூன்று சிறிய எலும்புகள்

அக்கா போய் ஐந்து வாரம் ஆகிறது.

பள்ளி நூலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த அறையை ஒழித்துத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். பாடப் புத்தகத்துப் படங்களை, பார்வையில்லாத மாணவர்கள் விரலால் தடவி அறியும்படி செய்து தருவது அவள் வேலை. நூல், பசை, உப்புத்தாள், சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டி ஒரு மாதிரி செய்வாள். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து இயந்திரத்தில் சூடேற்றினால் மேடும் பள்ளமும் அப்படியே பதியும். பத்துப் பேருக்குப் பத்துத் தாள்.

சூடேற்றுவதற்கு முன் சோதனை உண்டு. அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கும். சோதனை எலி நான்.

“அந்தப் பசங்ககிட்டயே கொடுத்துப் பாரேன்க்கா.”

“அவங்களுக்குப் படிக்கவே நேரம் பத்தல. என் தப்பைத் திருத்துறதா அவங்க வேலை? நீதான் வெட்டியா இருக்க. வா, கண்ணைக் கட்டு.”

துண்டை இறுக்கிக் கட்டுவாள். நான் தடுமாறினால், “விரலாடா இது? விறகுக்கட்டை!” என்பாள். தடுமாறிய இடத்தைப் பிய்த்து மறுபடி ஒட்டுவாள். ஒரு பூவின் குறுக்குவெட்டை நான்கு தடவை பிய்த்திருக்கிறாள்.

காதின் படம் வந்த அன்று தொலைக்காட்சியில் இறுதிப் போட்டி. எனக்கு அவசரம். துண்டு மூக்கோரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. பாடப் புத்தகமும் பக்கத்தில் திறந்தே கிடந்தது.

“இது செவிப்பறை. இது சுத்தி எலும்பு, இது பட்டடை, இது அங்கவடி. போதுமாக்கா?”

“அட, ஒரே தடவையில!” அவள் முகமெல்லாம் சிரிப்பு. அட்டையின் பின்னால் ‘சரி’ என்று எழுதித் தேதி போட்டாள். நான் ஆட்டத்தின் கடைசி ஓவரைப் பார்க்க ஓடினேன்.

அவளுடைய மாணவர்களில் ஒரு பெண்ணுக்கு இயன்முறை மருத்துவம் படிக்க ஆசை. உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தருவார்கள். ஓயாமல் எதையாவது கேட்பதால் அக்கா அவளுக்குக் ‘கேள்வி’ என்றே பேர் வைத்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். “கேள்விக்கு அந்த மூணு எலும்பும் ஒரே கட்டியாத் தெரியுதாம். உனக்கு நெஜமாவே தனித்தனியாத் தெரிஞ்சுதாடா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள். அவ்வளவுதான்.

“தெரிஞ்சுதேக்கா.”

“அப்ப அவதான் அவசரப்படுறா. இன்னும் நல்லாத் தடவிப் பழகுன்னு சொல்றேன்.”

தேர்வில் காதுதான் வந்தது. நான்கு மதிப்பெண்ணில் அந்தப் பெண்ணுக்கு இடம் போயிற்று. வேறு ஏதோ படித்து, இப்போது ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறாள்.

போன வாரம் துக்கம் விசாரிக்க வந்திருந்தாள்.

“நீங்கதானே தம்பி சார்? உங்க விரலைப் பத்தி அக்கா சொல்லிச் சொல்லியே என்னை வெறுப்பேத்துவாங்க. நானும் அந்தக் காதை ஒரு மாசம் தடவுனேன் சார். தோல்தான் தேஞ்சுது.” சிரித்தாள். “என் விரல் அப்படி. அக்கா பாவம், என்ன பண்ணுவாங்க?”

“தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

அவள் போனபின் அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்தேன். துண்டை இந்த முறை நானே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். செவிப்பறை வரை விரல் ஒழுங்காகப் போயிற்று. அதற்கப்புறம் ஒரு கட்டி. மூன்று நூல் முடிச்சுகளும் பசையில் ஒன்றாக இறுகியிருந்தன. திரும்பத் திரும்பத் தடவினேன். கட்டிதான்.

அக்கா இதைப் பிய்த்து ஒட்டியிருப்பாள். பத்து நிமிட வேலை.

அக்காவின் குறிப்பேட்டில் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் இருக்கிறது. அவள் விரலில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வேண்டும். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.