செசல்லிஃப்டுக்குத் தேசிக்காய்

நான் முதன்முதல் கார் வாங்கியபோது அப்பா நான்கு சில்லுகளுக்கு அடியிலும் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைத்து, "ஏத்தி நசுக்கு பிள்ளை" என்றார். புது வாகனம் வந்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சுவிஸின் சோலோதுர்னில் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலால் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தத் தேசிக்காய் ஒருநாள் ஒரு மலையையே நிறுத்தி வைக்கும் என்று யார் கண்டது!

நான் மின்கட்டுப்பாட்டு வேலை செய்பவள். ஓபர்லாண்ட் மலையில் ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் ஒரு பழைய செசல்லிஃப்டைப் புதுப்பிக்க எங்கள் நிறுவனம் போனது. வேகமாக ஓடும் கம்பியில் நாற்காலிகள் தொங்கிக்கொண்டு வரும். நிலையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலி கம்பியை விட்டு, மேலே வரிசையாகச் சுழலும் சின்ன ரப்பர்ச் சில்லுகளான ரயர்களில் உரசி மெதுவாகும். ஆட்கள் ஏறிய பிறகு அதே மாதிரி ரயர்கள் அதைத் தள்ளி மறுபடி கம்பியில் கொடுக்கும். தூண்களும் நாற்காலிகளும் இன்னும் திடமாக இருந்தபடியால் அவற்றைத் தொடவில்லை. மோட்டார், ரயர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றையும் மாற்றினோம். பெட்டி என் பொறுப்பு. நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் லிஃப்ட் அது.

அதன் உச்சியில் இருக்கும் உணவகத்தில்தான் அப்பா சமையல். அகதியாக வந்து கோப்பை கழுவியவர், பிறகு அடுப்படியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். அடுத்த வருடம் பென்ஷன். பனிக்காலத்துக்கு முன் சோதனை அதிகாரி சம்மதிக்காவிட்டால் லிஃப்ட் ஓடாது, உணவகமும் திறக்காது. அப்பாவின் கடைசிப் பனிக்காலம் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் கழியும். அப்புறம் அம்மாவின் பாடு அதோகதிதான்.

சோதனை நாள் காலையில் அப்பா தேத்தண்ணியும் மரக்கறி ரோல்ஸும் கொண்டு கீழ் நிலையத்துக்கு வந்தார். மேலே அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் புது ரயரோ பிள்ளை?"

"ஓம் அப்பா, எல்லாம் புதுசு."

அவ்வளவுதான் கேட்டார். நாங்கள் ரோல்ஸில் மும்முரமாக இருந்தபோது அவர் எங்கே போனார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆட்களின் எடைக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களை நாற்காலிகளில் ஏற்றி ஓட்டத் தொடங்கினோம். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பெட்டியின் திரை சிவந்தது. ஒரு நாற்காலி பிந்தி வருகிறது என்று பெட்டி முழு லிஃப்டையும் நிறுத்திவிட்டது. அதிகாரியும் நானும் ஏணியில் ஏறிப் பார்த்தோம். ஒரு ரயர் வழவழவென்று நனைந்திருந்தது. எண்ணெய்க் கசிவு என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். எனக்கு அந்த மணம் தெரியாதா? ரயரின் இடுக்கில் பச்சைத் தோலும் இரண்டு விதையும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

கீழே அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நல்ல காரியம் செய்தவரின் முகத்தோடு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரையும் பீப்பாயோடு ஏற்றி அனுப்பியிருப்பேன். ஆனாலும் அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் தோலை எடுத்து முகர்ந்து பார்த்தார். பழைய பெட்டி இதைக் கண்டுபிடித்திருக்காது, உங்களுடையது கண்டுபிடித்துவிட்டது என்றார். பிறகு ஏணிக் கதவைப் பூட்டாமல் விட்டதற்கு எங்கள் எல்லோரையும் நன்றாகத் திட்டினார். ரயரைத் துடைத்து மறுபடி ஓட்டினோம். பிற்பகலில் சம்மதம் கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா மிச்ச ரோல்ஸை அதிகாரிக்குக் கட்டிக் கொடுத்தார்.

பனிக்காலத்துக்கு லிஃப்ட் திறந்த அன்று காலை முதல் நாற்காலியில் அப்பாவோடு நானும் ஏறினேன். சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனது. ஊசியிலை மரங்கள் காலுக்குக் கீழே போனபோதுதான் கேட்டேன்.

"வேலை போயிடும் எண்ட பயத்திலயோ அப்பா தேசிக்காய் வைச்சனீங்கள்?"

"எனக்கென்ன, இன்னும் ஒரு வின்ரர்தானே" என்றார். "இனி இதில எத்தினை பேரின்ர பிள்ளையள் ஏறப் போகினம். ஏதும் ஒண்டெண்டால் பொறுப்பு உனக்கெல்லோ. அதுக்குத்தான் வைச்சனான்."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த நாற்காலியில் மூன்று சிறுவர்கள் கால்களை ஆட்டிக்கொண்டு, ஏதோ பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டு வந்தார்கள்.