ரெண்டு கட்டைக்காரர் மகள்

நன்சிகோம்பி டீச்சருக்குத் தற்பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. புகாண்டாவில் மசாக்கா பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனாலும் முதல் நாளே, "நான் ரெண்டு கட்டைக்காரர் மகள்" என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வாள். கேட்டவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நன்றாக விழிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாவகாசமாகக் கதையை எடுப்பாள். முப்பது வருஷமாக அதே கதைதான். இருந்தும் நடுவில் யாரும் எழுந்து போனதில்லை.

அப்போது அவள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். விடுதியில் அவள் அளக்காத அளப்பில்லை. "எங்கப்பா அமடிண்டா அடிச்சா செத்தவன் காலும் தாளம் போடும்டி" என்பாள். அமடிண்டா வாத்தியத்துக்குப் பன்னிரண்டு மரக்கட்டைகள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பெரிய கட்டைகளில் பாட்டை ஓட்டுவார்கள். மூன்றாவது ஆள் கோடியில் உட்கார்ந்து கடைசி இரண்டு குட்டிக் கட்டைகளை மட்டும் அடிப்பார். அவள் அப்பா கிபிராங்கோ அந்த மூன்றாவது ஆள். அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "அதுல சொல்ல என்ன இருக்கு?" என்பாள் இன்றைக்கும். கூச்சமாக இருந்திருக்கும் என்பது மற்றவர்கள் கட்சி.

கல்லூரி விழாவுக்கு அப்பாவின் குழுவையே கூப்பிட்டுவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்தில் கச்சேரி. கல்லூரி முதல்வர் தோட்டத்தில் வெட்டிய பச்சை வாழைத்தண்டு இரண்டை மேடையில் போட்டு, அதன்மேல் கட்டைகளை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். மேடை என்று பேர்தானே ஒழிய, நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் கீழே விழவேண்டிய அகலம்.

பக்கத்து பெஞ்சில் இருந்த நம்வான்ஜே முழங்கையால் இடித்தாள். "ஏய், அதுல எவருடி உங்கப்பா? எப்பப் பார்த்தாலும் அளப்பியே, காட்டுடி."

இவள் கையை நீட்டப் போனாள். அதற்குள் மேடையில் மாணவர் சங்கத்து ஸ்ஸென்டோங்கோ, கழுத்தில் டை, கையில் மைக்கோடு வந்து நின்றான். கல்லூரிக்கே ஒரே மைக். அதை ஊன்ற அவன் கண்ணில் பட்ட ஒரே இடம் கட்டைகளின் கோடி.

"ஐயா, நீங்க எத்தனை கட்டை அடிப்பீங்க?"

"ரெண்டு, தம்பி."

"ரெண்டுதானா? அதுக்கு ஒரு முழு ஆளா! நீங்க கீழ போய் ஜம்முனு உக்காந்து கேளுங்க. மைக்குக்கு இடம் வேணும்."

கூடம் சிரித்தது. மற்ற இருவரில் மூத்தவரான லுட்டாயா எழுந்து வாயைத் திறக்கப் போனார். அப்பா கையமர்த்தினார். "விருந்துக்கு வந்த இடத்துல வம்பு எதுக்குங்க?" என்று தன் இரண்டு கோல்களையும் எடுத்துக்கொண்டு இறங்கி, மகளுக்கு நாலு பெஞ்சு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சரி, மிச்சம் ரெண்டு பேர்ல எவரு?" என்றாள் நம்வான்ஜே.

நன்சிகோம்பி வாயைத் திறக்கவில்லை. அந்த அரை நிமிஷத்துக்காகத் தன்னை இன்னும் திட்டிக்கொள்கிறாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஏரியில் படகு தள்ளுகிற பாட்டு. நாலு கைகளும் பறந்தன. மாணவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற பெண்கள் பாட வாயைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். எந்த இடத்தில் பாட்டுக்குள் நுழைவது என்றே பிடிபடவில்லை. இரட்டைப்பிள்ளை பெற்றதால் எல்லாரும் நாலோங்கோ என்று கூப்பிடுகிற தலைமைச் சமையற்காரிக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்கய்யா! உப்பில்லாத வேர்க்கடலைக் குழம்பை எவன் குடிப்பான்? கோடியில அடிக்கிறவரு எங்க?"

கோல்கள் நின்றன. "அவரைத்தான் எறக்கிட்டீங்களே" என்றார் லுட்டாயா, இதற்காகவே காத்திருந்தவர்போல.

எல்லாக் கண்களும் அப்பாமேல். அவர் அசையவில்லை. "எறக்கினவங்க எறக்கினாங்க. நானா போய் ஏறினா நல்லாயிருக்காதும்மா" என்றார் மெதுவாக. ஸ்ஸென்டோங்கோ மைக்கைப் பிடித்தபடி மரமாக நின்றான். மன்னிப்புக் கேட்க விடாமல் அவனை டை தடுத்தது.

நன்சிகோம்பி எழுந்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைப் பாவாடை. தரையில் காலையில் சிந்திய அவரைச் சாறு. கல்லூரிக்கு வந்ததும் பெண்கள் பெரியவர்கள்முன் மண்டியிட்டு வணங்குகிற வழக்கத்தை மெல்ல விட்டுக்கொண்டிருந்த காலம் அது. முந்நூறு பேர் பார்க்க, அப்பாவின் முன்னால் இரண்டு முழங்காலையும் ஊன்றினாள்.

"அப்பா, நான் கூப்பிடறேன். வாங்கப்பா."

பின்னாலிருந்து, "ஐயையோ, இவருதானாடி!" என்று நம்வான்ஜேயின் குரல்.

மண்டியிட்ட மகளுக்கு மாட்டேன் என்கிற தகப்பன் புகாண்டாவில் இன்னும் பிறக்கவில்லை. அவர் எழுந்தார்.

மைக்கை ஊன்ற இப்போது இடமில்லை. ஸ்ஸென்டோங்கோவே மேடை ஓரம் குந்தி, கச்சேரி முடியும் மட்டும் அதைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தான்.

மற்ற இருவரும் ஆரம்பித்தார்கள். அப்பா அடிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாட்டு மூன்று சுற்று வந்தது, நாலு சுற்று வந்தது. எங்கே அவமானத்தில் கை மறந்துவிட்டதோ என்று இவள் எட்டி எட்டிப் பார்த்தாள். அப்புறம் அந்த இரண்டு கட்டைகளும் பேசின. அடிக்கிறது இரண்டுதான், ஆனால் அவர் காது பன்னிரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரிய கட்டைகளின் இரைச்சலுக்குள் கிடந்த வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து உயரத்தில் வைத்தார். "தள்ளு, தள்ளு, கரை தெரியுது" என்று சமையற்கட்டு ஒரே குரலில் பாட்டுக்குள் இறங்கியது. நாலோங்கோ கரண்டியோடு ஆடினாள். முதல்வர் இருந்த நாற்காலியும் காலியானது. நன்சிகோம்பிக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. ஆனந்தத்தில் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

முடிந்ததும் ஸ்ஸென்டோங்கோ எழுந்து கலைஞர்களின் பெயர்களைச் சொன்னான். இரண்டு பெயர் சொல்லிவிட்டு மூன்றாவதில் நின்றான். தெரியாது. கேட்டால்தானே தெரியும்! கூடத்தைப் பார்த்து முழித்தான்.

அவள் கறை படிந்த பாவாடையோடு மேடை ஏறி, மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"இவர் பேரு கிபிராங்கோ. ரெண்டே ரெண்டு கட்டைதான் அடிப்பார். நான் இவரோட மக."