சிம் இல்லாத கேமரா

கல்யாண வீட்டில் சமையல்காரருக்கும் வீடியோ எடுக்கிறவருக்கும் ஒரே தலையெழுத்து: எல்லாம் சரியாக இருந்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், ஒன்று குறைந்தால் ஊரே பேசும். போனில் வீடியோ எடுத்துப் பிழைக்கும் அக்கா தங்கச்சிமாரே, அண்ணன் தம்பிமாரே, நீங்களும் பட்டிருப்பீர்கள். நானும் பட்டேன். பட்டுத்தான் கையடக்கமான ஒரு வ்ளாக் கேமராவுக்கு மாறினேன். அதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனே போதுமே என்று யாராவது வாதாட வந்தால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து இதையெல்லாம் சொல்வேன்.

தேங்காயெண்ணெய்க் குப்பி

தக்கலைப் பக்கம் ஒரு கல்யாணம். அப்போது என்னிடம் போன் மட்டும்தான். நல்ல போன், குறை சொல்லக்கூடாது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், கெட்டிமேளம் முழங்கியது, நான் நெருங்கிப் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். திரை முழுக்க அவர் முகம் வந்தது, ரெக்கார்டிங் நின்றுபோனது. பதறிக் கட் பண்ணி மறுபடி அழுத்துவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. மனுஷன் கூப்பிட்டது எதற்கு என்கிறீர்கள்? தேங்காயெண்ணெய்க் குப்பியை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்க.

ஏரோப்ளேன் மோடில் போட்டிருக்கலாமே என்பீர்கள். போடலாம். இடையிடையே லைவ் காட்டச் சொல்லித் துபாயில் காத்துக்கிடந்த மணப்பெண்ணின் அண்ணனுக்கு யார் பதில் சொல்வது? பெண்ணின் அப்பா என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் பைய பக்கத்தில் வந்து சொன்னார்:

"தாலி கெட்டினதுக்கு ஊரு முழுக்க சாட்சி உண்டும்மா. வீடியோ நின்னதுக்கு உன் மாப்பிளதான் சாட்சி."

பாத்திமா லாத்தா கேட்டது

கேமரா வாங்கிய சேதி எப்படியோ கொளச்சல் வரை போய்விட்டது. பாத்திமா லாத்தா என்று ஒரு அக்கா வீடு தேடி வந்தார். மகள் ஷமீமாவுக்குக் கல்யாணம். பெண்ணின் வாப்பாவுக்கு ஓமனில் ஒரு கடையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. வேலையே வேண்டாம், போட்டுவிட்டு வருகிறேன் என்றாராம். லாத்தாதான் தடுத்திருக்கிறார். தடுத்ததிலிருந்து லாத்தாவுக்கே சோறு இறங்கவில்லை. மகளை மணப்பெண்ணாக அந்த மனுஷன் பார்க்க வேண்டுமென்றால் இனி வீடியோவில்தான்.

வீடியோ கால் போட்டுக் காட்டலாமே என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல். அந்தக் குடும்பத்தில் முன்பு ஒரு மைலாஞ்சி, அதாவது மருதாணி, இடும் நாளில், பெண்கள் மட்டும் இருந்த அறையில் எடுத்த படம் எவளோ ஒருத்தியின் ஸ்டேட்டஸில் ஏறி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. படத்தில் இருந்த பெண் மாசக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை. அதிலிருந்து பெண்கள் அறைக்குள் போனுக்கு இடம் கிடையாது. மணப்பெண்ணின் உம்மாவானாலும் அப்படித்தான். லாத்தா என் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல சிம்மு போட எடம் இல்லல்லா?"

மார்த்தாண்டத்துப் பால்காய்ச்சு

கொளச்சல் கல்யாணத்துக்கு முன்னால் கையைப் பழக்கிக்கொள்ளலாம் என்று கிடைத்த வேலையையெல்லாம் ஒத்துக்கொண்டேன். மார்த்தாண்டத்தில் ஒரு பால்காய்ச்சு, புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகும் விசேஷம். வளைகுடாவில் இருந்து திரும்பி வந்தவர், வீட்டை மாளிகை மாதிரி கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் கேமரா வண்டியில் இருக்கிறதா என்றார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஆளின் முகம் செத்துப்போனது.

பக்கத்து வீட்டுப் பால்காய்ச்சுக்குத் தோளில் தூக்குகிற கேமராவோடு ஆட்கள் வந்தார்களாம், மேலே ட்ரோன்வேறு பறந்ததாம். என் கேமராவில் ஆட்டம் தெரியாது, முகத்தை விட்டு ஃபோகஸ் நகராது என்று நான் விளக்கியதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒரு ஆளுயர ஸ்டாண்டும் பெரிய லைட்டும் வரவழைத்தார். அந்த ஸ்டாண்டின் உச்சியில் என் கேமரா தீப்பெட்டி போல உட்கார்ந்திருந்தது. லைட்டை எரிக்க வயர் எட்டவில்லை. எரியாவிட்டால் என்ன, நிற்கட்டும் என்றார்.

"வீடியோ எப்பிடி வந்தாலும் கொள்ளாம் மோளே. எடுக்கியது அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியணும்."

ஆரல்வாய்மொழிக் காற்று

ஆரல்வாய்மொழியில் ஒருவர் மனை விற்றுக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்ப வீடியோ வேண்டும், ஆனால் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கக்கூடாது என்றார். சுற்றிலும் காற்றாலை, நிற்கிற ஆளையே தள்ளுகிற காற்று. போனில் எடுத்துப் பார்த்திருக்கிறார், பேச்சுக்குப் பதில் புயல்தான் பதிவாகியிருக்கிறது. நான் கேமராவின் மைக் மேல் ரோமத் தொப்பியை மாட்டினேன். எலியை ஏன் மேலே உட்கார வைக்கிறாய் என்று கேட்டார்.

எடுத்து முடித்துப் போட்டுக் காட்டினேன். அவர் பேசியது அட்சரம் பிசகாமல் கேட்டது. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொளச்சலில் பத்துப் பெண்கள் ஒன்றாகப் பேசினாலும் பிரித்துக் காட்டிவிடுவேன் என்று எனக்கும் தெம்பு வந்தது. அவர் இன்னொரு தடவை போடச் சொல்லி உன்னிப்பாகப் பார்த்தார். பின்னால் தென்னை ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது.

"சத்தத்த மறைச்சிட்ட, செரி. என் வேட்டி பறக்கியத எப்பிடி மறைப்ப?"

ஐஷா மாமியின் கூடை

கொளச்சல் கல்யாண வீட்டில், பெண்கள் அறை வாசலில் ஒரு பெரிய கூடை. பக்கத்தில் நாற்காலி போட்டு ஐஷா மாமி, பெண்ணின் வாப்பாவுக்கு அக்கா. உள்ளே போகிற எல்லாருடைய போனும் கூடைக்குள் போனது. என்னுடையதும் போனது. கேமராவையும் போடு என்றார் மாமி. இதில் சிம் கிடையாது மாமி என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இஞ்சினியரிங் படிக்கிற ஒரு பெண் எட்டிப் பார்த்து, அதிலும் வைஃபை உண்டு என்று போட்டுக்கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அந்தக் கூடைக்குள்ளேயே போட்டிருப்பேன்.

ஆனால் அவள் சொன்னது உண்மை. இல்லை என்று சாதித்தால் அப்புறம் எந்த முகத்தோடு அந்தத் தெருவுக்குள் போவேன்? ஆமாம் மாமி, உண்டு என்றேன். ஆனால் கிட்டத்தில் என் போன் இருந்தால்தான் இது படம் அனுப்பும், போன் உங்கள் கூடையில் இருக்கிறது, எடுத்து முடித்ததும் கார்டைக் கழற்றி லாத்தா கையில் கொடுத்துவிடுவேன், எனக்கு நகல்கூட வேண்டாம் என்றேன். பக்கத்தில் நின்ற லாத்தாவுக்குக் கண் கலங்கியது. மாமி தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். என் பையை வெளியே வைக்கச் சொன்னார். பிறகு கூடையை இழுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

"நீ உள்ள போ பிள்ளே. நான் எழும்பினாத்தான் உன் போனு எழும்பும்."

ஓமனிலிருந்து வந்த அழைப்பு

உள்ளே ஷமீமா இரண்டு கையிலும் முழங்கை வரை மைலாஞ்சி இட்டு உட்கார்ந்திருந்தாள். பசி வேறு. லாத்தா தட்டில் நெய்ச்சோறு கொண்டுவந்து உருட்டி உருட்டி ஊட்டினார். போன் எதுவும் இல்லாததால் ஒருத்தரும் விறைத்துக்கொள்ளவில்லை, வாய்விட்டுச் சிரித்தார்கள். வாப்பா தினமும் கூப்பிட்டதும் முதலில் கேட்பது, சாப்பிட்டியா மக்களே என்றுதானாம். தின்றாலும் தின்னாவிட்டாலும் இவள் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவாளாம். அதைச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். ஷமீமா வாயில் சோற்றோடு கேமராவைப் பார்த்தாள். "வாப்பா, இன்னைக்கு நீங்க கேக்காண்டாம். பாத்துக்கிடுங்க" என்றாள். லாத்தாவின் கை அப்படியே நின்றது. நான் கேமராவை அவள் முகத்தை விட்டு நகர்த்தவில்லை.

அடுத்த உருண்டையை எடுக்கும்போது பேட்டரி தீர்ந்தது. இதன் உடம்பு சின்னது, பேட்டரியும் சின்னது, அதை நான் மறைக்கவில்லை. மாற்றுப் பேட்டரி வெளியே பைக்குள். ஓடிப்போய் மாமியிடம் மன்றாடி எடுத்து வருவதற்குள் தட்டைக் கழுவிவிட்டார்கள். மிச்சக் கல்யாணத்தை எடுத்து முடித்து, சொன்னபடி கார்டை லாத்தா கையில் கொடுத்தேன். ஓமனுக்குத் திரும்பிய சொந்தக்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனார்.

கொஞ்ச நாள் கழித்து ஓமனிலிருந்து எனக்கே அழைப்பு, ஷமீமாவின் வாப்பா. புகழ்ந்தால் அடக்கமாக என்ன சொல்வது என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கலர் பற்றியோ சத்தம் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து பார்த்தேன் என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"எல்லாம் நல்லா வந்திருக்கு மக்களே. அந்தச் சோறு முழுசும் தின்னாளா?"

போனில் முடியாததெல்லாம் என் கேமராவில் முடியும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், அந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்கத்தான் ஷமீமாவுக்குப் போன் போட வேண்டியிருந்தது.