தராசுக்கு முப்பது அடி

கந்தப்பளைப் பாதையில் காலை வெயிலில் மூன்று கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு மழைக்கோட்டு என்று மாட்டிக்கொண்டு ஓடிய என் மச்சான்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் நின்று சிரிப்பார்கள், அவர் சிரிக்கமாட்டார். என் அக்காவின் கணவர். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, துரையின் குதிரைகளுக்குப் புல் அள்ளிப் போடப் போய், ஜாக்கியானவர். பசி வந்தால் மனிதர் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். பந்தயத்துக்கு முந்திய பத்து நாளும் அவருக்குப் பசிதான். எடையைக் குறைக்கத்தான் அந்த வேர்வை ஓட்டம்; காலையில் வெறும் தேத்தண்ணி, பகலில் அரை ரொட்டி. அந்த நாட்களில் அக்கா அவர் கண்ணில் படாமல்தான் சோறு தின்பாள்.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஏப்ரல் அது. நுவரெலியாவில் வருடா வருடம் நடக்கும் பெரிய கோப்பைப் பந்தயம். நாங்கள் சிவலை என்று கூப்பிட்ட குதிரைக்கு நான்தான் குதிரைக்காரன்; எனக்கு இருபத்தாறு வயது. அதை ஓட்ட வேண்டிய வெள்ளைக்கார ஜாக்கி தோள்பட்டையை முறித்துக்கொண்டதில் வாய்ப்பு மச்சானுக்கு வந்தது. குதிரைக்குச் சொந்தக்காரத் துரை பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். ஜெயித்தால் நிரந்தர ஜாக்கி, குடியிருக்க வீடு. தோற்றால் பழைய தோட்டத்துக்கே தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போக வேண்டியதுதான்.

ஓடுவதற்கு முன் ஜாக்கியைச் சேணத்தோடு நிறுப்பார்கள். ஓடி முடித்ததும் மறுபடி நிறுப்பார்கள். எடை குறைந்தால் வெற்றி செல்லாது. பட்டினி கிடந்ததில் மச்சான் தேவைக்கு மேலேயே இளைத்துவிட்டார். அதை ஈடுகட்ட, சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகினார்கள். அக்கா கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன ஏதென்று அவளுக்கு விளக்கிச் சொன்ன மேதாவி நான்தான். இன்னொரு விதியைச் சொல்லவில்லை. ஓடி வந்த ஜாக்கி தராசில் ஏறும்வரை வெளியாள் யாரும் அவரையோ சேணத்தையோ தொடக்கூடாது; தொட்டாலும் வெற்றி செல்லாது. அதெல்லாம் இவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அக்காவுக்குத் தெரிந்த தராசு மலையில் கொழுந்து நிறுக்கிற தராசு ஒன்றுதான். குறித்த றாத்தலுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அதனால் ஒருத்திக்குக் குறையும் போலிருந்தால், நிறுக்குமுன்னே பக்கத்தில் நிற்பவள் தன் கூடையிலிருந்து இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவாள். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அக்கா எத்தனையோ பேருக்கு அப்படிப் போட்டிருக்கிறாள்.

கடைசித் திருப்பத்தில் சிவலை நான்காவதாக வந்தது. மச்சான் சவுக்கைத் தொடவே இல்லை; அதன் கழுத்தோடு கழுத்தாகப் படுத்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றைத் தாண்டி, இன்னொன்றைத் தாண்டி, வெற்றிக் கம்பத்தருகே ஒரு தலை அளவு முந்தினார். நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

இறங்கிச் சேணத்தையும் துணியையும் கையில் அள்ளிக்கொண்டு தராசறைக்கு நடந்தார். முப்பது அடி இருக்கும். கால் பின்னியது, கன்னம் ஒட்டி, பேயறைந்தவர் போலிருந்தார். நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். கயிற்றோரம் நின்ற அக்கா மடியிலிருந்து எதையோ எடுப்பது தெரிந்தது. கை நீண்டது. தொங்கிக்கொண்டிருந்த துணியின் பைக்குள் இரண்டு கல்லை நழுவவிட்டாள். கூட்டமெல்லாம் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தினால் துரைமார் அத்தனை பேரும் திரும்புவார்கள். கத்தாமல் நின்றேன்.

மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். கல்லை எடுத்து எறியவும் முடியாது, நிற்கவும் முடியாது, நடந்தார். தராசில் உட்கார்ந்தார். முள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிற்று. எடை பார்த்த துரை துணிப் பைக்குள் கைவிட்டுக் கற்களை எடுத்து மேசையில் வைத்தார். யார் போட்டது என்று கேட்டார்.

“நாந்தாங்க தொர போட்டேன். எடை கொறைஞ்சிருமோன்னு பயந்துட்டேன்” என்றார் மச்சான்.

அக்கா போட்டது என்று உண்மையைச் சொல்லியிருந்தால் கோப்பை மட்டும்தான் போயிருக்கும். மோசக்காரன் என்று ஆயுளுக்கும் லைசென்ஸைப் பறித்தார்கள்.

லாயத்துக்குப் பின்னால் நான் கொதித்துக்கொண்டு நின்றேன். அக்காவை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றேன். மச்சான் என் சட்டையைப் பிடித்தார்.

“வாயத் தொறக்கக் கூடாது மாப்புள. தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, அவ அதுக்கப்புறம் ஒரு வாய் சோறு திம்பாளா?”

அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “என்னங்க ஆச்சு? நம்ம குதுரதானே மொதல்ல வந்துச்சு?”

“எடை கொறைஞ்சு போச்சு புள்ள” என்றார். அவ்வளவுதான்.

நோர்வூட்டுக்கே திரும்பினோம். மச்சான் கவ்வாத்துக் கத்தி பிடித்தார். சில மாதம் நான் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. அவளுக்குக் காரணம் தெரியாது. விதியைச் சொல்லாமல் விட்டவன் நான் என்பது உறைத்தபிறகு, கோபப்படவும் எனக்கு யோக்கியதை இல்லாமல் போயிற்று.

இன்று இரண்டு பேரும் இல்லை. இருந்தவரைக்கும், ஏப்ரல் பிறந்து, நுவரெலியாவுக்குப் போகிற கார்கள் எங்கள் ரோட்டில் வரிசை கட்டினால், அக்கா வாசலில் நின்று பெருமூச்சு விடுவாள்.

“பாவி நான், ரெண்டு கல்லோட விட்டுட்டேனே. இன்னும் ரெண்டு சேத்துப் போட்டிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க இல்லீங்க?”

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்.

“ஆமா புள்ள. பத்தல.”