லோகு ஷூவைக் கழற்றிய மலை

லோகுவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்குக் கீல் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில் அவன் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஆபரேட்டர். நான் அங்கேயே தரப்பிரிவில் இருக்கிறேன். பெயர் எட்வர்ட். சோழவரத்திலிருந்து தினமும் பைக்கில் போய்வருகிறேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும் என்று நினைத்தேன். எழுத எழுத என் முகம்தான் அதிகமாக வரும் போலிருக்கிறது.

லோகுவுக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா சின்னப்பொண்ணு ஊரார் வயலில் நாற்று நட்டு அவனை ஐ.டி.ஐ. வரை படிக்கவைத்தார். இருபத்திரண்டு வயதில் காண்ட்ராக்ட் ஆளாக எங்கள் கம்பெனிக்கு வந்தான். அவனை நாலாம் நம்பர் பிரஸ்ஸில் போட்டார்கள். அந்த பிரஸ்ஸில் டை மாற்றுவது ஒரு பேஜாரு பிடித்த வேலை. டை என்றால் இரும்பு அச்சு, நானூறு கிலோ. மேலே அதைத் தூக்க ஒரு செயின் பிளாக், அதன் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியின் வாயைப் பூட்டும் சின்ன இரும்பு நாக்கு எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. நாக்கு இல்லாத கொக்கியிலிருந்து, டையைக் கட்டிய கயிறு எப்போது வேண்டுமானாலும் நழுவலாம். எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருநாள் நழுவியது. லோகு காலை இழுத்துக்கொண்டான், ஆனால் முழுவதும் இழுக்க நேரமில்லை. இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் போயின. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அப்போது சேஃப்டி ஷூ கொடுப்பதில்லை.

எங்கள் பிளான்ட் மேனேஜர் வசந்தகுமார் கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவரே காரில் கொண்டுபோனார். போகிற வழியிலேயே விஷயத்தை முடித்தும்விட்டார். ரெஜிஸ்டரில் 'கம்பெனிக்கு வெளியே பைக் விபத்து' என்று எழுதினார்கள். ஆறு மாதத்தில் லோகு பர்மனென்ட் ஆனான். அந்த வருஷம் எங்கள் கம்பெனி, விபத்தே நடக்காத கம்பெனி என்று ஒரு கேடயம் வாங்கியது. அது இன்னும் ரிசப்ஷனில் இருக்கிறது. அதன் மேல் தூசி படிய விடமாட்டார்கள்.

பர்மனென்ட் கார்டு வந்த அன்று லோகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். "ரெண்டு வெரலுக்கு இது பரவால்லதான ணா" என்றான். பிறகு அவனே, "அடுத்தவன் எவனாச்சும் அந்தக் கொக்கிக் கீழ நிப்பான். அதான் பேஜாரா கீது" என்றான். அவனுக்கு அடுத்து அங்கே நின்றவன் தேசப்பன். பெரியபாளையத்துப் பக்கத்துப் பையன், காண்ட்ராக்ட்.

ஐந்து வருஷம் கழித்து எங்களில் ஆறு பேரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். லோகு வேலையில் கெட்டிக்காரன் என்பதால் போனான். சென்னையில் ஞாயிறு ஞாயிறாய் ஜப்பானிய மொழி படித்து ஒரு பரீட்சையும் தேறியிருந்ததால் நான் மொழிபெயர்க்கப் போனேன். கடைசி வாரம் வசந்தகுமார் சாரும் வந்து சேர்ந்துகொண்டார். அங்கே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நிஷியாமா. ஓய்வுக்கு இரண்டு வருஷமே இருந்த மனிதர். ஒரு போல்ட் கீழே கிடந்தால்கூட லைனை நிறுத்திவிடுவார். லோகுவுக்கு அவரைப் பிடித்துப்போனது. "இந்த ஆளு நம்ம கொக்கியப் பாத்தா மயக்கம் போட்டு உய்ந்துடுவாரு ணா" என்பான்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கம்பெனி செலவில் எங்களை ஒரு மலைக்கு அழைத்துப் போனார்கள். ஒருநாள் நடைப்பயணம். எட்டு கிலோமீட்டர் காட்டுப் பாதை, வழியில் பழைய கோயில்கள் ஐந்து. கையில் மஞ்சள் கொடியோடு வழிகாட்டி அம்மாள் ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். எங்கள் எல்லோரையும்விட வேகமாக நடந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு சிவப்பு மர வாசல். கதவு கிடையாது, இரண்டு தூண், மேலே குறுக்கே இரண்டு உத்திரம். அந்த அம்மாள் அதன் முன் நின்று குனிந்து வணங்கிவிட்டு, இதற்கு அந்தப் பக்கம் முழுவதும் சாமி இருக்கும் இடம் என்றார். அதைத் தமிழில் சொன்னது நான்தான். சரியாகத்தான் சொன்னேன். சொன்னதும் எங்களில் மூன்று பேர் குனிந்து ஷூ லேசைத் தொட்டோம். நான் கிறிஸ்தவன், எங்கள் சர்ச்சுக்கும் செருப்போடு போகமாட்டோம். ஆனால் ஜப்பான்காரர்கள் ஷூவோடு தாண்டிப் போவதைப் பார்த்து நானும் இன்னொருவனும் நிமிர்ந்துகொண்டோம். லோகு அவர்களைப் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றி, தூணுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, சாக்ஸோடு ஏறிவந்தான்.

நான் கவனித்தபோது இருநூறு படி ஏறியிருந்தோம். நவம்பர் குளிர். பாசி பிடித்த கல் படிகள், இருபுறமும் வானம் தெரியாத மரங்கள்.

"ஷூ எங்க லோகு?"

"கீழ உட்டுட்டன். வாசல்லதான ணா உடணும்?"

"இங்க போட்டுக்கலாமாம்பா. கால் வெறைச்சிடும்."

"பரவால்ல. எறங்கசொல்ல போட்டுக்கறன்."

அவன் காலை மறைத்து மறைத்து வாழ்ந்தவன். ஹாஸ்டல் குளியலறைக்குக்கூட எல்லோரும் போனபிறகுதான் போவான். விஷயம் வெளியே தெரிந்தால் பொய் சொல்லி பர்மனென்ட் வாங்கியவன் என்று வேலையே போகும் என்ற பயம். அப்படிப்பட்டவன் அங்கே ஷூவைக் கழற்றியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது கோயிலில் ஒரு பெரிய வெண்கல மணி. ஆளுக்கு ஒரு தடவை அடிக்கலாம் என்றார் வழிகாட்டி அம்மாள். எல்லோரும் வரிசையில் நிற்க, லோகு ஒதுங்கி நின்றான். "நாங்க அடிக்கலாமா, கேளு ணா" என்றான். அவன் ஊரில் பெரிய கோயிலை அவன் தெரு ஆட்கள் தெருமுனையில் நின்றுதான் கும்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் யாரையும் கேட்கவில்லை. "அடிடா" என்றேன். அடித்தான். சத்தம் அடங்கும்வரை மணியடிக்கும் கட்டையைப் பிடித்தபடியே நின்றான்.

உச்சிக் கோயிலுக்கு எதிரில் சோற்று உருண்டையைப் பிரித்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: வந்த வழியே இறங்கப் போவதில்லை, மலையின் அந்தப் பக்கம் இறங்கி வேறு ஸ்டேஷனில் ரயில் பிடிக்கிறோம். லோகுவின் ஷூ நாலு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. வழிகாட்டி அம்மாள் பதறிப்போய் போனை எடுத்தார். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். லோகு சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தான். குளிரில் தன்னை மறந்துவிட்டான் போல. நிஷியாமா அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். எழுந்துவந்து அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் துண்டால் அந்தக் காலைச் சுற்றினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: இது எப்படி நடந்தது? வேலையிலா?

நான் லோகுவிடம் கேட்டேன். அவன் வசந்தகுமார் சாரை ஒருமுறை பார்த்தான். கோயிலை ஒருமுறை பார்த்தான்.

"உள்ளத சொல்லிடு ணா. நாலாம் நம்பர்ல டை உய்ந்துச்சி. கொக்கில நாக்கு இல்ல. இன்னிக்கும் இல்ல. தேசப்பன் நின்னுகினுகீறான். என் வேல போனா போவட்டும். இங்க நின்னுகினு பொய் சொல்ல முடியாது."

வசந்தகுமார் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். அவர் மிரட்டினார் என்று எழுத எனக்கு ஆசை. அவர் மிரட்டவில்லை. அடுத்த வருஷம் எனக்கு வரவிருந்த அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி மட்டும் என் தலைக்குள் ஓடியது. லோகுவின் வேலையையும்தான் காப்பாற்றுகிறேன் என்று ஒரு நியாயத்தையும் அந்த ஒரு நொடியில் தயார் செய்துகொண்டேன். கோழைக்கு நியாயம் கிடைக்க ஒரு நொடி போதும்.

பைக்கில் போகும்போது விபத்து என்று நிஷியாமாவிடம் சொன்னேன். ரெஜிஸ்டரில் இருப்பதுதானே.

அவர் லோகுவின் முன் ஆழமாகத் தலைகுனிந்தார். வருத்தம் தெரிவிக்கும் அவர்கள் வழக்கம். லோகுவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பெனி சார்பில் மன்னிப்புக் கேட்கிறார் என்று அவன் நினைத்தான். நான் அதைத் திருத்தவில்லை.

இறங்கும் வழியில் கடைசிக் கோயிலில் தாயத்து விற்றார்கள். பரீட்சைக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று என்று தனித்தனியாக. நிஷியாமா ஒன்றை வாங்கி, இரண்டு கையாலும் லோகுவிடம் நீட்டினார். சிவப்புப் பட்டுத் துணியில் சின்னப் பை, மேலே தங்க நிற எழுத்து.

"இன்னா போட்டுகீது ணா?"

"பாதுகாப்புன்னு."

'போக்குவரத்துப் பாதுகாப்பு' என்று போட்டிருந்தது.

இரண்டு நாளில் லோகுவின் ஷூ ஹாஸ்டலுக்குப் பார்சலில் வந்தது. சேற்றைத் துடைத்து, லேசை முடிச்சுப் போட்டு, உள்ளே காகிதம் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "ஒரு பய ஷூவையே தேடிப் புடிச்சி அனுப்பறாங்க. கொக்கிய சும்மா உட்டுருவாங்களா?"

ஊர் திரும்பியதும் தாயத்தை நாலாம் நம்பர் செயின் பிளாக்கில், கொக்கிக்கு மேலே கட்டினான். கொக்கி வரும்வரை இது காக்கும் என்று தேசப்பனிடம் சொன்னான். வாரம் ஒருமுறை என்னிடம் வந்து கேட்பான்: "அவுரு கொக்கியப் பத்தி எய்தினாரா ணா?" நான் சொல்வேன்: "பெரிய கம்பெனிப்பா. மெதுவாத்தான் வரும்." இப்படியே ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் எந்த நாளாவது நானே ஒரு மெயில் அனுப்பியிருக்கலாம். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி நாலாம் மாதமே வந்துவிட்டது.

ஜூன் மாதம் ஒரு காலை ஷிஃப்டில் கயிறு நழுவியது. தேசப்பனின் வலது கையில் மூன்று விரல்கள் டைக்கும் பிரஸ் மேடைக்கும் நடுவில் போயின. லோகுதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ரெஜிஸ்டரில் பைக் விபத்து என்று எழுதினார்கள். தேசப்பனிடம் பைக்கே கிடையாது.

அதற்குப்பிறகு லோகு என்னிடம் கொக்கியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருநாள் கேன்டீனில் மட்டும் சொன்னான்: "அந்த ஜப்பான் தாத்தாவும் அப்டித்தான் ணா. குனிஞ்சி கும்பிட்டு ஏமாத்திட்டாரு." அவன் அந்த மனிதரை வெறுப்பதைப் பார்த்துக்கொண்டே நான் நாஷ்டா சாப்பிட்டேன்.

ஆகஸ்டில் நிஷியாமா எங்கள் பிளான்டைப் பார்வையிட வந்தார். வசந்தகுமார் சார் ஒருபுறம், நான் ஒருபுறம். வருகிறார் என்று தரையெல்லாம் பெயின்ட் அடித்திருந்தோம். நாலாம் நம்பரில் லோகு நின்றிருந்தான். தேசப்பனுக்குப் பிறகு வேறு யாரையும் அங்கே விடாமல் தானே கேட்டு வாங்கிக்கொண்ட இடம். நிஷியாமாவை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் மேலே பார்த்தார். தாயத்தை அடையாளம் கண்டு சிரித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: இது வண்டிக்கானது ஆயிற்றே, நான் இவர் பைக்குக்குத்தானே கொடுத்தேன், ஏன் இங்கே கட்டியிருக்கிறார்?

லோகு மனைவி ஜெனிபருக்கு அப்போது எட்டாம் மாதம். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. இதெல்லாம் அன்றும் தலைக்குள் ஓடியதுதான். ஆனால் கொக்கிக்குக் கீழே மேடையில், எவ்வளவு துடைத்தும் போகாத ஒரு கருப்புக் கறை இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். விரல், டை, கொக்கி, தேசப்பன், அந்த மலையில் நான் சொன்ன பொய், எல்லாம். ஜப்பானிய மொழியில் எனக்கு வார்த்தை போதவில்லை. திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

நிஷியாமா கையை நீட்டி பிரஸ்ஸின் சிவப்பு பட்டனை அழுத்தினார். லைன் நின்றது.

"இன்னா கேக்கறாரு?" என்றான் லோகு.

"தாயத்து வண்டிக்கு உள்ளதாம். நீ ஏன் இங்க கட்டினேன்னு கேட்டாரு."

"அவுரு கொக்கிக்கின்னுதான குடுத்தாரு."

நான் தலைகுனிந்து நின்றேன். அவனுக்குப் புரிய நேரம் ஆனது. 

"அன்னிக்கி மலைல இன்னா சொன்ன?" என்றான். எப்போதும் வரும் 'ணா' வரவில்லை.

"பைக்ல அடிபட்டதுன்னு."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கையுறையைக் கழற்றி மேடைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் மதியம் புதுக் கொக்கி வந்தது. நாக்கோடு. மாட்டுவதற்கு இருபது நிமிஷம் ஆனது. வசந்தகுமார் சாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், என்னைப் பழைய வேலைக்கே இறக்கினார்கள். லோகுவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷம் நாங்கள் பயந்தது வீண் பயம். தேசப்பனின் விபத்தைத் திருத்தி எழுதி, அவனுக்கு ஸ்டோரில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறான்.

கொக்கி மாட்டிய அன்று ஷிஃப்ட் முடிந்து வண்டி ஸ்டாண்டுக்கு வந்தேன். என் பைக்குக்குப் பக்கத்தில் லோகு குனிந்து நின்றிருந்தான். அந்தச் சிவப்புப் பையை என் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வண்டிக்குன்னுதான சொன்ன. நீயே வெச்சிக்கோ."

அவன் என்னோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. மழையில் நனைந்து தங்க எழுத்து பாதி அழிந்துவிட்டது. முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.